திருமண ஆயத்த வகுப்பில் நாம் திறக்காத அதிகாரங்கள்: சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாமாருக்கும், மூப்பர்களுக்கும், திருமண ஆயத்த வகுப்பு நடத்தும் அண்ணன் அக்காமாருக்கும்,

ஸ்தோத்திரம்.

கல்யாணம் பண்ணப்போகிற பிள்ளைகளுக்கு நம் சபைகளில் வகுப்பு எடுக்கிறோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கு எப்போது விண்ணப்பிப்பது, மத்திய சேம நிதியிலிருந்து எவ்வளவு எடுப்பது, மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பதா வேண்டாமா, சண்டை வந்தால் யார் முதலில் பேசுவது, எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். எபேசியர் 5 வாசிக்கிறோம், நீதிமொழிகள் 31 வாசிக்கிறோம். ஆனால் ஆபிரகாம், யாக்கோபு, தாவீது என்று நாம் பெயர் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களின் வீட்டில் இரண்டு, நான்கு, அதற்கும் மேல் மனைவிகள் இருந்ததைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. பல வருஷம் இந்த வகுப்புகளில் உதவிக்கு நின்றவள் என்ற உரிமையில் கேட்கிறேன்: அந்த அதிகாரங்களையும் திறந்து வாசியுங்கள்.

பிள்ளைகள் கேட்காமல் இல்லை. போன முறை ஒரு தம்பி நேராகவே கேட்டார். "அவங்களுக்கெல்லாம் ஒண்ணுக்கு மேல இருந்ததே, ஆண்டவர் ஏன் ஒண்ணும் சொல்லல?" அதற்கு வந்த பதில், "அது பழைய ஏற்பாடு, தம்பி." எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தலைப்புக்குப் போய்விட்டோம்.

பழைய ஏற்பாடு என்றால் அப்படித் தள்ளிவிடலாமா? வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் கேட்கும்போது மல்கியா 3ஐ எடுக்கிறோமே. அதற்கு முந்தின அதிகாரத்தில், இளவயதின் மனைவிக்குத் துரோகம் பண்ணாதே என்று அதே மல்கியா சொல்வதைக் காணிக்கை நேரத்தில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. (இந்த வரிக்கு யார் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். சரி, பரவாயில்லை.)

"சட்டம்தான் தடுக்கிறதே, அப்புறம் என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கிறார்கள். தடுப்பது உண்மை. மாதர் சாசனம் என்ற சட்டம் 1961 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவருக்கு ஒருவர்தான். ஏற்கெனவே மணமானவர் இன்னொரு திருமணம் செய்தால் அது செல்லாது, தண்டனைச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் அது நம் பிரசங்கத்தால் வந்த சட்டம் இல்லை. அதற்கு முன் சீன வழக்கப்படியும் இந்து வழக்கப்படியும் இந்தத் தீவில் ஆண்கள் பல மனைவிகளைச் சட்டப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது. ஒரு சீனச் செல்வந்தர் இறந்தபிறகு ஆறு பெண்கள் விதவை உரிமை கேட்டு வந்த 1908 வழக்கை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். இதை மாற்ற 1952ல் தொடங்கிய சிங்கப்பூர் மாதர் மன்றத்தின் முன்னணியில் நின்ற ஷிரின் ஃபோஸ்தார் பஹாய் சமயத்தைச் சேர்ந்த பெண்மணி. 1959 தேர்தலில் மக்கள் செயல் கட்சி இதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டது, சான் சோய் சியோங் சட்டமன்றத்தில் இதற்காகப் பேசினார். ஆகவே, சட்டத்தைக் காட்டி வேதக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. சட்டம் தடுப்பது இரண்டாவது பதிவை. இரண்டாவது வீட்டை அது எட்டிப் பார்ப்பதில்லை.

முஸ்லிம் சகோதரர்களுக்கு 1966ன் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. முஸ்லிம் திருமண அதிகாரியான காதி விசாரித்து அனுமதித்தால்தான் அங்கேயும் இரண்டாம் மணம் நடக்கும். அது அவர்கள் காரியம். ஒன்றிரண்டு இடங்களில் மேடையில் நின்று அதைக் குத்திப் பேசக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். யாக்கோபின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத் துணியாத நமக்கு, பக்கத்து வீட்டைப் பற்றிப் பேச வாய் ஏது?

இன்னும் சிலர், "வேதம் தெளிவாகத் தடைசெய்கிறது" என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். பிள்ளைகள் கைப்பேசியில் இரண்டு நிமிஷம் தேடினால் இது நிற்காது. "இரண்டாவது மனைவி கொள்ளாதே" என்று பத்துக் கட்டளையில் இல்லை. யாத்திராகமம் 21ல், ஒருவன் இன்னொருத்தியைக் கொண்டால் முந்தினவளுக்கு உணவிலும் உடையிலும் தாம்பத்திய உரிமையிலும் குறை வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. உபாகமம் 21ல், பிரியமில்லாத மனைவியின் மகன் மூத்தவனாக இருந்தால் அவனுடைய இரட்டைப் பங்கை எடுத்துப் பிரியமானவளின் மகனுக்குக் கொடுக்காதே என்று இருக்கிறது. யோவாஸ் ராஜாவுக்கு இரண்டு பெண்களைக் கட்டிவைத்தவர் ஆசாரியனாகிய யோய்தா. தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் பேசும்போது, உன் ஆண்டவனுடைய (அதாவது சவுல் ராஜாவுடைய) ஸ்திரீகளையும் உனக்குத் தந்தேனே என்று கர்த்தர் சொல்வதாகவே வருகிறது. அமெரிக்காவில் மோர்மன் சபையார் 1852ல் பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்து 1890 வரை போராடியபோது ஆபிரகாமையும் தாவீதையும்தான் சாட்சிக்கு அழைத்தார்கள். இதையெல்லாம் பிள்ளைகள் வேறெங்கோ படித்துவிட்டு வந்து, "சபையில் ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது நல்லது.

சொல்லிவிட்டு என்ன செய்வது? மனைவிகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்த வீடுகளுக்குள் என்ன நடந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆதியாகமம் 30. கோதுமை அறுப்புக் காலம். யாக்கோபின் மகன் ரூபன் வயலில் தூதாயீம் கனிகளைக் கண்டெடுத்துத் தாய் லேயாளிடம் கொண்டுவருகிறான். பிள்ளைவரம் தரும் என்று நம்பப்பட்ட கனி. லேயாளின் சக்களத்தி ராகேல் அதில் கொஞ்சம் கேட்கிறாள். என் புருஷனை எடுத்துக்கொண்டது போதாதா, என் மகனின் கனியும் வேண்டுமா என்கிறாள் லேயாள். சரி, கனிக்குப் பதிலாக இன்று ராத்திரி அவர் உன்னோடு இருக்கட்டும் என்கிறாள் ராகேல். சாயங்காலம் யாக்கோபு வயலிலிருந்து வரும்போதே லேயாள் எதிர்கொண்டு போய், உம்மை வாங்கிவிட்டேன், வாரும் என்கிறாள். இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள். அந்த வீட்டில் யாக்கோபு ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அங்கே இல்லை. பேரம் முடிந்த இடத்துக்குப் போகிறான், அவ்வளவுதான். இதை வகுப்பில் வாசித்தால், இதைவிடத் தெளிவான திருமணப் பாடம் வேறு தேவையா? பிற்பாடு லேவியராகமம் 18, மனைவி உயிரோடிருக்கும்போது அவள் சகோதரியையும் கொண்டு அவளை உபத்திரவப்படுத்தாதே என்கிறது. யாக்கோபின் வீட்டில் நடந்தது மறுபடி நடக்கக்கூடாது என்று நினைத்தவர்கள் எழுதியது போலத்தான் எனக்குப் படுகிறது.

எல்க்கானாவின் இரண்டு மனைவிகள் அன்னாளையும் பெனின்னாளையும் தெரியும், அன்னையர் தினத்துக்கு அன்னாளின் ஜெபத்தைப் பிரசங்கிக்கிறோம். பெனின்னாள் பிள்ளையில்லாத அவளை வருஷா வருஷம் அழவைத்ததை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். எல்க்கானா, பத்துக் குமாரரைவிட நான் உனக்கு அதிகமல்லவா என்று கேட்கிறான். நல்ல மனுஷன்தான். ஆனால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

யாரும் பிரசங்கிக்காத இன்னொரு இடம் உண்டு. தாவீது தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து எருசலேமை விட்டு ஓடும்போது, வீட்டைக் காக்கப் பத்து மறுமனையாட்டிகளை விட்டுவிட்டுப் போகிறான். தான் ஓடுகிற வீட்டைக் காக்கப் பத்துப் பெண்கள்! அப்சலோம் வந்து, மொட்டைமாடியில் கூடாரம் போட்டு, ஊரெல்லாம் பார்க்க அவர்களைக் கெடுக்கிறான். அப்பனை அவமானப்படுத்த அந்தப் பெண்கள் கருவியானார்கள். தாவீது ஜெயித்துத் திரும்பி வருகிறான். அவர்களை என்ன செய்தான்? காவல் வீட்டில் அடைத்துச் சோறு போட்டான். அவர்களிடத்தில் பிரவேசிக்கவில்லை, சாகும்வரை விதவைகள்போல அடைபட்டிருந்தார்கள் என்கிறது 2 சாமுவேல் 20:3. ஒரே வசனம், ஒரு பெயரும் இல்லை. சங்கீதக்காரனின் வீட்டில் நடந்தது இது. என் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளில் மூத்த வகுப்புக்கு ஒருமுறை இதை வாசித்தேன். ஒரு பெண்பிள்ளை, "அவங்க பேரு என்ன, மிஸ்?" என்று கேட்டாள்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஈசாக்குக்கு ரெபெக்காள் ஒருத்திதான், அந்த வீட்டில் ஏமாற்று வேலை குறைவாகவா நடந்தது? அபிகாயிலின் முரட்டுப் புருஷன் நாபாலின் வீட்டில் சந்தோஷமா பொங்கியது? நியாயமான கேள்விதான். ஒரே மனைவி என்பதாலேயே வீடு சொர்க்கமாகிவிடாது. ஆனால் லேயாள் வீட்டிலும் அன்னாள் வீட்டிலும் காயம் வருவது ஆள் கெட்டவன் என்பதால் இல்லை, ஏற்பாடே அப்படி. நல்லவனாக இருந்தும் எல்க்கானாவால் சரிசெய்ய முடியவில்லை.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், பரிசேயர் இயேசுவிடம் கேட்டது விவாகரத்தைப் பற்றித்தான், பலதார மணத்தைப் பற்றி அல்ல. இதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர் மோசே கொடுத்த விவாகரத்து அனுமதியைத் தாண்டி, இருவரும் ஒரே மாம்சமாவார்கள் என்கிற ஆதியாகமம் 2க்குப் போனார். மனைவியை அநியாயமாகத் தள்ளிவிட்டு இன்னொருத்தியைக் கட்டுவதே விபச்சாரம் என்றால், தள்ளாமலே இன்னொருத்தியைக் கொள்வது அதைவிட மேலானதாக இருக்க முடியாது. எனக்கு இந்த வாதம் போதுமானதாக இருக்கிறது. கண்காணிகளும் உதவிக்காரரும் "ஒரே மனைவியையுடைய புருஷன்" ஆக இருக்கவேண்டும் என்று பவுல் எழுதியதைப் பற்றி அறிஞர்களுக்குள் சண்டை தீரவில்லை. பல மனைவிகள் உள்ளவரைச் சொல்கிறாரா, மறுமணம் செய்தவரையா, நடத்தை கெட்டவரையா? எப்படியானாலும் மூப்பர்களுக்கு அது முதலில் பொருந்தும், விசுவாசிகளுக்குப் பிறகு.

இனி சபையின் கதைக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்த வழக்கு உண்டு.

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பெரிய அப்பாயிக்குப் பிள்ளை இல்லை. அவரே பெண் பார்த்துச் சின்ன அப்பாயியைத் தாத்தாவுக்குக் கட்டிவைத்தார். இரண்டும் இந்து முறைப்படி, 1961க்கு முன்னால், எல்லோருக்கும் தெரிந்து நடந்த கல்யாணம். சின்ன அப்பாயியின் பேத்தி நான். பிற்பாடு பெரிய அப்பாயி ஒரு பக்கத்து வீட்டுக்காரரோடு சபைக்குப் போக ஆரம்பித்தார், மெல்ல மெல்ல வீடே போனது. தாத்தா ஞானஸ்நானம் கேட்டார். "இளையவளை அனுப்பிவிட்டு வா" என்றார்கள். அப்போது சின்ன அப்பாயிக்கு மூன்று பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை. எங்கே அனுப்புவது? கப்பல் ஏற்றி ஊருக்கா? "அவள அனுப்புனா நானும் போறேன்" என்று பெரிய அப்பாயி சொன்னதாக அத்தை சொல்வார். தாத்தா அனுப்பவில்லை. கடைசியில் இரண்டு அப்பாயிகளுக்கும் ஞானஸ்நானம் கிடைத்தது, தாத்தாவுக்குச் சாகும்வரை இல்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும் பங்கெடுக்கும் திருவிருந்துக்கு அவர்கள் இருவரும் எழுந்து போகும்போது, தோள் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார்.

அந்த வீட்டை நான் கொண்டாடவில்லை. தீபாவளி போய்க் கிறிஸ்துமஸ் வந்தபிறகும், பெரிய அப்பாயி எடுத்துக்கொண்டது போக மிச்சமிருந்த புடவைதான் சின்ன அப்பாயிக்கு. அவரை யாரும் சம்மதம் கேட்டுக் கட்டிவைக்கவும் இல்லை. ஆனால் அந்த அநியாயத்தைச் சரிசெய்வதாகச் சொல்லிச் சபை கேட்டது என்ன? அநியாயத்துக்கு ஆளானவளையே தெருவில் விடச் சொன்னது. ஆபிரகாம் தன் மனைவி சாராளின் அடிமைப்பெண் ஆகாரை அனுப்பிய காலை ஞாபகம் இருக்கிறதா? ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் வைத்திருந்த சீமான், தன் மகனைப் பெற்றவளின் தோளில் அப்பத்தையும் ஒரு துருத்தி தண்ணீரையும் வைத்து அனுப்பினார். சாராளின் சொல்லைக் கேள் என்று தேவன் சொன்னதும் அங்கே இருக்கிறது, நான் மறைக்கவில்லை. அந்தப் பெண்ணைத் தேடி வனாந்தரத்துக்குப் போனதும் அதே தேவன்தான். நம் சபைகள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டன.

இந்தக் கேள்வி நம் ஊரில் மட்டும் எழவில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பேராயர் கொலென்சோ 1862லேயே கேன்டர்பரிப் பேராயருக்கு எழுதினார்: மனந்திரும்புகிற ஆப்பிரிக்கரை மனைவிகளைத் தள்ளச் சொல்லாதீர்கள், அது அந்தப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் செய்யும் கொடுமை என்று. யாரும் கேட்கவில்லை. 1888ல் லண்டனின் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்கள், பல மனைவிகள் உள்ள ஆணுக்கு ஞானஸ்நானம் கிடையாது, மனைவிகளுக்குச் சில சூழ்நிலைகளில் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். என் தாத்தா வீட்டில் நடந்தது அச்சு அசல் இதுதான். சரியாக நூறு வருஷம் கழித்து, 1988ல், அதே லாம்பெத் மாநாடு மாற்றிச் சொன்னது. அப்படிப்பட்டவரை அவருடைய விசுவாசிகளான மனைவிகளோடும் பிள்ளைகளோடும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த மனைவியர் உயிரோடிருக்கும்வரை அவர் இன்னொரு மணம் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவேண்டும், உள்ளூர்ச் சபை சம்மதிக்கவேண்டும். மனைவிகளில் யாரையும் தள்ளும்படி அவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது, ஏனென்றால் பாதிக்கப்படுவது அந்தப் பெண்கள். ஒரே மனைவி என்ற போதனையை விட்டுக்கொடுக்காமலே இதைச் சொல்ல முடிந்தது. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார்.

இந்தக் கண்டிப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஜெர்மனியின் ஹெஸ் நாட்டுப் பிரபு பிலிப்புக்கு 1540ல் இரண்டாவது மனைவி கிடைத்தது, சபைச் சீர்திருத்தவாதிகளான லூத்தரும் மெலாங்டனும் எழுதிக்கொடுத்த ஆலோசனையோடு. ஒரே நிபந்தனை, ரகசியமாக இருக்கவேண்டும். விஷயம் கசிந்தபோது மறுத்துவிடலாம் என்றுகூட லூத்தர் சொன்னார். பிரபுவுக்கு ரகசியம், கூலிக்காரனுக்குத் தடை.

அது இன்றைக்கும் மாறவில்லை என்பதுதான் என் வருத்தம். தாத்தா போன்றவர்கள் இப்போது நம்மிடையே அநேகமாக இல்லை. இருப்பது வேறு வகை. ஊரில் தாலி கட்டிய மனைவி, இங்கே "தோழி". அல்லது இங்கே குடும்பம், படகேறினால் ஒரு மணி நேரத்தில் போகிற இந்தோனேசியத் தீவு படாமில் இன்னொன்று. எனக்குத் தெரிந்த ஒரு சபையில், இப்படிப்பட்ட ஒரு பெண்ணைத் திருவிருந்திலிருந்து விலக்கினார்கள். அவள் பிள்ளைக்கு ஒரு புதன்கிழமை சாயங்காலம், யாரும் இல்லாத நேரத்தில், ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்த ஆள் அடுத்த மாதமும் வேதபாடம் வாசித்தார். காணிக்கைப் பையும் பிடித்தார். அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு என்பது அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை வயிற்றில் வந்த பிறகுதான் தெரியுமாம்.

ஓலை வாசிப்பது எதற்கு? மூன்று ஞாயிறு சபையில் பெயர் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்கிறோம். ஏற்கெனவே மணமானவர் அகப்பட வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் வேலை அனுமதியில் வந்து இரண்டு வருஷம் ஆன ஒருவருடைய ஓலையை இங்கே வாசித்தால், அவர் தூத்துக்குடியிலோ திருச்சியிலோ என்ன செய்துவிட்டு வந்தார் என்று இங்கே யாருக்குத் தெரியும்? திருமணப் பதிவகத்தில் 21 நாள் முன்னறிவிப்பும் சத்தியப் பிரமாணமும் இருக்கத்தான் செய்கின்றன. பொய்ச் சத்தியம் செய்யத் துணிந்தவனை அது எவ்வளவு தடுக்கும்? ஓலையை மாப்பிள்ளையின் ஊர்ச் சபையிலும் வாசிக்கச் சொல்லுங்கள். அங்குள்ள குருவானவரிடமிருந்து கடிதம் வரும்வரை தேதி குறிக்காதீர்கள். கத்தோலிக்கப் பங்குகளில் இரண்டு பக்கமும் விசாரிப்பது வழக்கமாக இருக்கிறது, நாமும் செய்யலாம். பெண்வீட்டார் கேட்கக் கூச்சப்படுவார்கள். சபை கேட்டால் யாருக்கும் கூச்சமில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று என்பதை ஒரு காரணமாகக் கொண்டுவந்தால் தயவுசெய்து இரங்காதீர்கள்.

அடுத்தது, ஒழுங்கு நடவடிக்கை என்று ஒன்று எடுத்தால் முதலில் ஆணிடமிருந்து தொடங்குங்கள். ஏமாந்தவளையும் ஏமாற்றியவனையும் ஒரே தராசில் வைப்பதுகூட எனக்குச் சம்மதமில்லை. இன்றைக்கு அந்த அளவு நியாயமும் கிடைப்பதில்லை. பிள்ளைகளின் ஞானஸ்நானம் ஞாயிறு காலை ஆராதனையில், எல்லாப் பிள்ளைகளையும் போல நடக்கட்டும். பெண் பார்க்கும்போது "அது சின்ன வீட்டுப் பிள்ளை" என்று காதில் ஓதுகிறவர்கள் நம் மாதர் சங்கத்திலேயே இருக்கிறார்கள். போதகரம்மாக்கள் மனசு வைத்தால் அந்தப் பேச்சு நிற்கும்.

வகுப்பைப் பற்றிக் கேட்டேனே, அதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். வரவு செலவு பாடத்திலிருந்து ஒரு மணி நேரத்தைக் குறையுங்கள். ஆதியாகமம் 16, 21, 29, 30, 1 சாமுவேல் 1, 2 சாமுவேல் 15 முதல் 20 வரை வாசிக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பேச விடுங்கள். பெண்பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள். போதகர் பதில் சொல்லத் தடுமாறினால் குற்றமில்லை, அந்தக் கேள்விக்கு ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் திருச்சபைத் தந்தை அகுஸ்தீனும் எழுதிப் பார்த்தார், இன்னும் ஓயவில்லை. அடுத்த வகுப்பு ஈஸ்டருக்குப் பிறகு தொடங்குகிறது என்று அறிவிப்பில் பார்த்தேன். அதற்குள் பாடத்திட்டத்தை மாற்ற நேரம் இருக்கிறது. கேள்வித்தாள் தயாரிக்க ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள், வருகிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்
சிங்கப்பூர்